திட்டும் வரை பயமில்லை

குழாயைத் திட்டிக்கொண்டே கை கழுவுகிறார் டாக்டரம்மா. "ஒழுங்கா வந்தாத்தான் என்ன? காலங்காத்தால மக்கர்!" அடுத்து சோப்புக்கு ஒரு வசவு, துடைக்கக் கொடுத்த துணிக்கு ஒன்று. இதயப் பிரிவின் மூத்த நர்ஸ் என் காதோரம் சொன்னார்: "அவங்க திட்டுற வரைக்கும் கவலையே படாதீங்க சார். திட்டு நின்னாத்தான் பயப்படணும்."

குள்ளமான உருவம். மேஜை எட்டாமல் ஒரு மரப்பலகையில் ஏறி நின்றுதான் வேலை செய்வார். அதை யாராவது நகர்த்திவிட்டால் அன்று ஆஸ்பத்திரியே அதிரும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு பிளாஸ்திரியில் உயிர் வாழ்கிறது.

என் இதயத்து ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து கல்லாக இறுகிவிட்டிருந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் சாதாரண பலூனை விட்டு ஊதிப் பார்த்தார்கள். பலூன்தான் வெடித்தது, கல் அசையவில்லை. "இவர் மனசுதான் கல்லுன்னு நெனச்சேன் டாக்டர், உள்ள குழாயுமா?" என்றாள் என் மனைவி. டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், வேறு வழி?

படித்தவன் இல்லையா, சும்மா போவேனா? இணையத்தில் நாலு கட்டுரையை மேய்ந்துவிட்டுப் பாதி டாக்டராகவே போயிருந்தேன். வைரத்தூள் பதித்த குட்டித் துருவி ஒன்று உள்ளே சுழன்று சுண்ணாம்பைச் சுரண்டுமாம்; குழாயில் ஓட்டை விழவும் கூடுமாம். இன்னொன்று அதிர்வலை பலூன். உள்ளே போய் அதிர்ந்து அதிர்ந்தே கல்லில் விரிசல் விட வைக்குமாம். தொடைநடுங்கிக்கு எது பிடிக்கும்? "எனக்கு அந்தப் பலூனே போதும் டாக்டர்" என்றேன், பெரிய மனுஷத் தோரணையில்.

"இதென்ன துணிக்கடையா, பச்சை வேணாம் நீலம் எடுங்கன்னு சொல்றதுக்கு? அந்தப் பலூன் கொஞ்சம் தடிமன். மொதல்ல அது உள்ள போகணும். போகலேன்னா துருவித்தான் வழி பண்ணணும். படிச்சதையெல்லாம் வீட்டுல வெச்சுட்டு வாங்க!"

மயக்கம் கொடுக்கவில்லை, கருவிகளை உள்ளே விடும் மணிக்கட்டு மட்டும் மரத்திருந்தது. படுத்தபடி திட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்குக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று, "மூச்சை ஏன் சொத்து மாதிரி பிடிச்சு வெக்கிறீங்க?" என்று எனக்கு ஒன்று. பலூன் போகவில்லை. துருவியைக் கேட்டார். பல் டாக்டர் அறையில் கேட்பது போல ஒரு கீச்சொலி. நெஞ்சு இறுகியது.

திட்டு நின்றது.

பேரம் பேசிய வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருப்பாள். ஆயுசு முழுக்க என்னைக் கேலி செய்யட்டும், வாயைத் திறக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். சுரண்டிய தூள் ரத்த ஓட்டத்தைத் தடுத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. "மருந்து குடுங்க" என்றார் தாழ்ந்த குரலில். மறுபடி மௌனம். மறுபடி, "குடுங்க."

பிறகு, "அந்தப் பலூனை வெச்சுத் தாலாட்டிட்டா இருக்கீங்க? குடுங்க இங்க!"

அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை. துருவி போட்ட வழியில் பலூன் போனது; கல் விரிசல் விட்டது; குழாயைத் திறந்தே வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் உட்கார்ந்தது.

மறுநாள் காலை வார்டுக்கு வந்ததும் என் தலையணைக்குத் திட்டு விழுந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நேத்து நடுவுல திட்டுறதை நிறுத்திட்டீங்களே டாக்டர்?" என்றேன்.

தலைக்கு மேலே மானிட்டரில் என் துடிப்பு எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையை எடுத்து நாடியில் விரல் வைத்து, வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.