நிக்கல் கழிவும் வள்ளைக்கீரையும்

மெய்காவாயன் ஊரில் கவரிங் நகைகளுக்கு நிக்கல் முலாம் பூசிப் பிழைப்பவள் ரொசெண்டா. பச்சை நிறக் கழிவுத் தண்ணீரை இருபது வருடமாக வீட்டின் பின்பக்க வாய்க்காலில்தான் ஊற்றிவந்தாள்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து அர்லீன் என்ற பெண் கறுப்புப் பொடி ஒன்றைக் கொண்டுவந்தாள். மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு அது. கழிவு நிறைந்த வாளியில் அதைக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து வாளியின் வெளிப்புறம் பெரிய காந்தத்தை வைத்தாள். நிக்கலைப் பிடித்துக்கொண்ட பொடி முழுவதும் காந்தத்தின் பக்கமாக வந்து ஒட்ட, தண்ணீர் தெளிந்தது.

"இம்புட்டு நிக்கலா இதுல இருந்துச்சு?"

"ஆமாக்கா. உடம்புக்குள்ள போனா விஷம்."

ரொசெண்டா, அதே வாய்க்காலில் வள்ளைக்கீரை வளர்த்து விற்கும் பக்கத்து வீட்டு நெனிதாவிடம் நேராகப் போனாள்.

"நெனிதா, இந்தக் கீரைய இனிமே விக்காத. என் கழிவெல்லாம் இதுலதான் கலக்குது."

நெனிதா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே போட்டாள். "அதான் நான் எப்பக் குடுத்தாலும் கீரை தின்னா மூட்டுவலி வரும்னு சொல்லி வாங்காமலே இருந்தியா?"

ரொசெண்டா வாய்க்காலில் இறங்கி, அவளோடு சேர்ந்து கீரையை வேரோடு பிடுங்கினாள். நெனிதா அன்று அவளிடம் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை.