பொத்தான் வைத்த துப்பாக்கி உறை

பொத்தான் அண்ணி என்ற பெயர் குடும்பத்தில் முதன்முதலாகக் காதில் விழுந்தது, அவளுடைய கொழுந்தனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிய ஒரு நாளில். பெரிய மாமா வீட்டு மூத்த மருமகள் அவள். கைப்பைப் பட்டறையில் பதினோரு வருஷம் ஜிப் தைத்தவள். கொழுந்தனுக்கு சினிமா ஸ்டுடியோவில் சாமான் அறைப் பொறுப்பு. குதிரைவீரர்கள் சுட்டுக்கொள்ளும் படம் ஒன்றுக்கு இடுப்பில் கட்டும் துப்பாக்கி உறை தேவைப்பட்டது. முதலில் ஒன்றை அண்ணியிடம் தைக்கக் கொடுத்தான். அது தேறினால் மீதிப் பதின்மூன்றும் அவளுக்கு. ஸ்டுடியோவிலேயே ஒரு தையல் மேசையும் கிடைக்கும். தேறாவிட்டால் பழையபடி ஜிப்தான்.

அண்ணி உயிரைக் கொடுத்துத் தைத்தாள். பைக்குள் போட்டது வெளியே விழக்கூடாது. அவள் படித்த ஒரே பாடம் அது. அதனால் மூடி வைத்து, இரண்டு பித்தளைப் பொத்தானும் அடித்துக் கொண்டுபோனாள்.

ஒத்திகையில் கதாநாயகன் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான். ஒரு பொத்தான் திறந்தது. அடுத்தது திறப்பதற்குள் வில்லன் மூன்று தரம் சுட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றான்.

"ஏன் பொத்தான் அண்ணி, அவன் சண்டைக்குப் போறானா, காய் வாங்கப் போறானா?" என்றான் கொழுந்தன். "மத்தியானம் வரைக்கும்தான் டைம். அப்புறம் வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டார் டைரக்டர்."

அண்ணி மூடியை வெட்டி எறிந்தாள். குதிரை நாலு பாய்ச்சல் பாய்வதற்குள் துப்பாக்கி மண்ணில் கிடந்தது.

"நகரவும் கூடாது, கூப்பிட்ட நிமிஷம் வந்து நிக்கவும் வேணும். இது உறையா, உங்க வீட்டு மருமகளா?" என்று முணுமுணுத்தபடி உறையை வாளித் தண்ணீரில் அமுக்கினாள்.

ஊறிய தோலுக்குள், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய துப்பாக்கியைத் திணித்தாள். கரண்டிக் காம்பால் ஒவ்வொரு வளைவாக அழுத்தி, படப்பிடிப்பு விளக்கின் சூட்டில் காயவைத்தாள். தோல் துப்பாக்கியின் உடம்பை அப்படியே பிடித்துக்கொண்டது. துப்பாக்கியின் பின்பக்கக் கொக்கியில் மாட்ட, உறையில் ஒரு மெல்லிய தோல் வளையமும் வைத்தாள். குதிரையில் போகும்போது வளையம் பிடிக்கும். இறங்கியதும் கட்டைவிரலால் தட்டிவிட்டால் போதும்.

உறையைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். துப்பாக்கி அசையவில்லை. கடைசிப் படியில் வளையத்தைத் தட்டி உருவி நீட்டினாள். எதிரே வந்த கொழுந்தன் டீ கிளாஸோடு இரண்டு கையையும் தூக்கிவிட்டான். டீ முழுக்க அவன் சட்டையில்.

"சுட்டுடாதீங்க அண்ணி, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

குதிரை பாய்ந்து வந்தது. கதாநாயகன் குதித்து இறங்கினான். கட்டைவிரல் ஒரு தட்டு. வில்லன் கை இடுப்பைத் தொடும் முன்னே இவன் துப்பாக்கி அவன் நெஞ்சைப் பார்த்தது.

"யாரு தைச்சது?" என்றார் டைரக்டர். காலையில் 'பை தைக்கிற ஒரு அம்மா' என்று நழுவிய கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"எங்க அண்ணி சார்."

பதின்மூன்றும் வந்தன, மேசையும் வந்தது. பிறகு தாதா படங்கள் வந்தன. கோட்டுக்கு உள்ளே, அக்குளுக்குக் கீழே, புடைப்பே தெரியாத உறைகளை முப்பது வருஷம் தைத்தாள். பொத்தான் மட்டும் வைக்கவே இல்லை; பெயர் போகவும் இல்லை.

இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஸ்டுடியோவுக்குப் பின்தெருவில், மகள் வீட்டு மாடியில் இருக்கிறாள்.