நாற்பத்து நான்காம் எண்

புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் தையல் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், எங்கள் அன்பியத்தின் தலைவியான ஓய்வுபெற்ற டீச்சர், எதிர்ச் சந்தில் வண்டி போடும் ஆட்டோக்காரத் தம்பி, நாலு நாளாக ரவிக்கைக்கு நடந்துகொண்டிருந்த மாமி. மாமியைத் தவிர நாங்கள் நால்வரும் இங்குள்ள மாதா கோயில் பங்கை, அதாவது அந்தச் சர்ச்சின் சபையைச் சேர்ந்தவர்கள். மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கம் போகப்போக ஒடுங்கும் தெருவொன்றில் என் கடை. இரண்டு மிஷினும் வெட்டு மேசையும் போக இரண்டு பேர் நிற்கலாம். அன்று ஐந்து பேரும் உள்ளே இருந்தோம். மேசைமேல் துணி இல்லை. நற்செய்தி இருந்தது.

அது அங்கே வந்த கதைக்குச் சாம்பல் புதனிலிருந்து வர வேண்டும்.

அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்துத் தெருக் குடும்பங்கள் வாரத்துக்கொரு வீட்டில் கூடி ஜெபிக்கிற சின்னக் கூட்டம். எங்கள் அன்பியத்தில் பதினாறு குடும்பங்கள். அந்தப் புதனன்று, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது, பங்குத்தந்தையான ஃபாதர் எங்களிடம் சொன்னார்: "கறி மீனை விட்டுட்டு நாப்பது நாள் முறைச்சுக்கிட்டு இருக்கிறது போதாது. கொஞ்சம் ஜெபம், கொஞ்சம் வாசிப்பு, அடுத்தவங்களுக்குப் பயன்படுற மாதிரி ஒரு வேலை. மூணும் வேணும்." பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். விவிலியத்தில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்திகளில் சின்னதற்குப் பதினாறு அதிகாரம். வீட்டுக்கு ஒன்றாகக் கையால் எழுதி, பைண்டு செய்து, ஈஸ்டர் காலைப் பூசையில் பீடத்தின் முன்னால் வைக்கலாம்.

சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ஒன்பது வந்தது. விதிகள் மூன்று: கறுப்பு மை; அடித்தலோ வைட்னரோ கூடாது; நம் பங்கில் வாசிக்கும் பதிப்பைப் பார்த்து, உள்ளது உள்ளபடி எழுத வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் மிஷினில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அளவு நோட்டில்தான்: கை, கழுத்து, இடுப்பு, முன் உயரம். என் கையெழுத்து ஒரு புத்தகத்துக்குள் போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அம்மா, நான் எழுதித் தரேன். அரை நாள் வேலை" என்றாள் மகள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"வேணாம்."

"தப்பு வந்துடுமோன்னு தூங்கமாட்டியே?"

"தூங்காம எழுதுறேன், போ."

அவள் சொன்னது பொய்யில்லை. கேஸை மூடினேனா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்ப்பவள் நான். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஜெபமாலை சொன்னால் ஐம்பத்து மூன்று 'அருள் நிறை மரியே' ஜெபத்தில் பாதிக்கு மேல் கேஸுக்கும் பூட்டுக்கும் போய்விடும். பூசைக்கு ஒரு ஞாயிறும் தவறியதில்லை. ஆனால் உட்கார்ந்து எழுந்து வந்தேன் என்பதுதான் கணக்கு. மனது உள்ளே வந்து பல வருஷமாகிவிட்டது.

காலை ஐந்தரைக்கு வெட்டு மேசையில் பிரவுன் பேப்பர் விரித்து எழுத ஆரம்பித்தேன். படிக்கும் வரிக்குக் கீழே ஒரு நீள ஊசியை வைத்துக்கொள்வேன். ஒரு வரி எழுதி முடித்ததும் ஊசி ஒரு வரி இறங்கும். கை மெதுவாகப் போகிறவரைக்கும் மனதும் வேறெங்கும் ஓடவில்லை. ஓடினால் அடித்தல் வந்துவிடும் என்ற பயம் அதைப் பிடித்து வைத்தது. அந்த அதிகாரத்தில் ஒரு தகப்பன் நோயாளிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இயேசுவிடம் வருகிறான். நம்பிக்கை இருக்கிறது என்கிறான். அதே மூச்சில், இருப்பது போதவில்லை, நீரே உதவும் என்றும் கெஞ்சுகிறான். எத்தனையோ தடவை கோயிலில் காதில் விழுந்த கதைதான். கையால் எழுதியபோதுதான் அட, இவன் என் ஆள் ஆயிற்றே என்று பட்டது. அன்று அந்த இடத்திலேயே பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேஸ் ஞாபகமே வரவில்லை.

குருத்து ஞாயிறு மாலைக்குள் எழுதி முடித்தேன். வெட்டிய துணியைத் தைக்கும் முன் கை இரண்டு, முன் துண்டு இரண்டு, முதுகு ஒன்று என்று எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அதே மாதிரி வசன எண்களை எண்ணினேன். கடைசி எண் ஐம்பது. ஆனால் வசனங்கள் நாற்பத்தெட்டுத்தான் இருந்தன.

மறுபடியும் எண்ணினேன். நாற்பத்து மூன்றுக்கு அடுத்தது நாற்பத்தைந்து. அதற்கு அடுத்தது நாற்பத்தேழு. நான் விட்டுவிட்டேனா என்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்தால் அதிலும் அப்படியே. என் கல்யாணத்துக்கு வந்த விவிலியம் அது. இத்தனை வருஷம் பிரிக்காமல் வைத்திருந்ததற்குத் தண்டனையாக எனக்கு மட்டும் கோளாறு பிரதி வந்துவிட்டதா?

மகள் போனில் தேடினாள். "ஒரு பழைய மொழிபெயர்ப்புல நாப்பத்து நாலு இருக்கும்மா. நம்மதுல இல்ல."

"அப்ப எதை எழுதுறது?"

"உள்ளது உள்ளபடின்னு சொன்னாங்கல்ல? விட்டுடும்மா. யாரு எண்ணப் போறா?"

நான் எண்ணிவிட்டேனே! திங்கட்கிழமை டீச்சர் எல்லாருடைய தாள்களையும் வாங்க வந்தபோது, இன்னும் கொஞ்சம் பாக்கி என்று பொய் சொன்னேன். "எப்பவும் உன்னோட ஒரு தொல்லை" என்று சொல்லிவிட்டு மற்ற பதினைந்து அதிகாரங்களையும் பைண்டரிடம் கொடுக்கப் போனார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஃபாதரைப் பிடித்தேன். அவர் என் விவிலியத்தை வாங்கி, பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். எறும்பு ஊர்வது போல இரண்டு வரி அடிக்குறிப்பு. "கண்ணாடி போட்டுப் படிக்கலையாம்மா?"

அவர் சொன்னது இதுதான்: அந்தக் காலத்தில் எல்லாம் கையால் எழுதியதுதான். மிகப் பழைய பிரதிகளில் அந்த இரண்டு வசனங்கள் கிடையாது. கீழே வருகிற ஒரு வரியைப் பிற்பாடு பிரதி எடுத்தவர் யாரோ மேலேயும் எழுதியிருக்கலாம் என்று அறிஞர்கள் நினைக்கிறார்கள். அதனால் வரியை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள்.

"பாவம், விட்டுப்போச்சோன்னு பயந்து சேர்த்திருப்பாரு ஃபாதர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இருக்கும். உன்னை மாதிரி ஒருத்தரா இருந்திருப்பாரு." அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "இதே மாதிரி ஏழு, பதினொண்ணு, பதினஞ்சுலயும் எண் விட்டிருக்கும். அதை எழுதினவங்க யாரும் என்கிட்ட வந்து கேக்கலையே?"

ஏழு டீச்சருடையது. பதினொன்று ஆட்டோக்காரத் தம்பியுடையது.

"நீங்களே டீச்சர்கிட்ட சொல்லிடுங்க ஃபாதர்."

"கண்டுபிடிச்சது நீ. நீதான் சொல்லணும்."

டீச்சர் கோயில் வராந்தாவில் நின்றிருந்தார். பக்கத்தில் தம்பி. எட்டாவதோடு நின்றவள் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவரிடம் போய் எண் தப்பு என்று சொல்ல வேண்டும். அந்தப் பத்தடி நடப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சொல்லாமல் விட்டால் என் பக்கங்கள் மட்டும் சரியாக இருக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஈஸ்டருக்கு அந்தப் புத்தகத்தின் முன் நின்று என்னால் என்ன ஜெபிக்க முடியும்?

"டீச்சர், ஏழாம் அதிகாரத்துல பதினஞ்சுக்கு அப்புறம் என்ன எண் போட்டீங்க?"

"என்னம்மா கேள்வி இது? பதினாறு."

"நம்ம புத்தகத்துல அங்க பதினாறு கிடையாதாம் டீச்சர்."

"எனக்கு எண்ணக் கத்துக்குடுக்க வந்துட்டியா?" என்று பையிலிருந்து விவிலியத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். விரலால் எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "வசனத்தை எல்லாம் எழுதிட்டு, ஓரத்துல ஒண்ணு ரெண்டுன்னு கடகடன்னு போட்டுட்டுப் போயிட்டேன்மா. பிள்ளைங்க யாராவது இப்படிப் பண்ணியிருந்தா முட்டிபோட வெச்சிருப்பேன்."

"நானும் அப்டிதான் போட்டேன். அப்போ நம்முளுதும் அம்பேலா?" என்றான் தம்பி.

"உன்னுதும்தான்டா."

"இன்னா டெய்லர்க்கா, ஒரு நம்பருக்கு இம்மாம் பேஜாரா? சரி, வண்டில குந்து. பைண்டரு தெச்சி முடிக்கறதுக்குள்ள போய்டலாம்."

குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் பைண்டர் கடை. நாங்கள் மூவரும் ஆட்டோவில் போய் இறங்கியபோது அவர் ஆறாவது அதிகாரத்தில் நூலை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் 'நிறுத்துங்க' என்று போட்ட சத்தத்தில் ஊசியைக் கீழே போட்டுவிட்டார். புதன் காலை பத்து மணிக்குள் எல்லாம் வந்தால்தான் சனிக்கிழமை தர முடியும், அதற்கும் அவசர வேலைக்கான தனி ரேட் உண்டு என்றார். டீச்சர் பேரம் பேச வாயைத் திறந்தார். "அதை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அப்படித்தான் எல்லாரும் என் கடைக்கு வந்து சேர்ந்தோம். பதினைந்தாம் அதிகாரத்தை எழுதிய பெரியவர் திருவான்மியூரில் மகள் வீட்டில் இருந்தார். போனில் கேட்டதற்கு, "உன் பொண்ணையே எழுதச் சொல்லும்மா, படிக்கிறவங்க பிழைச்சுப்பாங்க" என்றார். எண் தவறிய இடத்திலிருந்து கடைசிவரை உள்ள தாள்களை மட்டும் மாற்றினால் போதும். டீச்சருக்குத்தான் அதிகம்.

மாமி வாசலில் நின்று கண்ணை விரித்தார். "என்னடியம்மா, ஆடிட்டர் ஆபீஸ் மாதிரின்னா உக்காந்துண்டிருக்கேள்? என் ரவிக்கை?"

"ஹூக்தான் மாமி பாக்கி."

"நேத்தும் ஹூக்தான் பாக்கின்னே."

விஷயத்தைச் சொன்னேன். மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "நானும் தினம் ராமஜெயம் எழுதறவதான். ஒண்ணு விட்டுப்போச்சோன்னு தோணித்துன்னா அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பி எழுதிடுவேன். ஆத்துல எல்லாரும் சிரிப்பா. குடு இப்படி. நான் வாசிக்கறேன், டீச்சர் எழுதட்டும்."

மாமி வாசிக்க, டீச்சர் எழுதினார். அந்த ஏழாம் அதிகாரத்தில் வேற்றூர்த் தாய் ஒருத்தி தன் மகளுக்காக வந்து கேட்கிறாள். முதலில் மறுத்தாலும் விடாமல் பதில் சொல்லி, கேட்டதை வாங்கிக்கொண்டு போகிறாள். மாமி வாசிப்பதை நிறுத்திவிட்டார். "பேஷ்! பகவான்கிட்டயே விட்டுக்குடுக்காம பேசறாளே!"

"அம்மாக்காரியாச்சே மாமி" என்றார் டீச்சர்.

"எங்க அம்மாவும் இப்டிதான். போலீஸ்கிட்டயே பேசி என் லைசன்ஸ வாங்கினு வந்துச்சு" என்றான் தம்பி, எழுதிக்கொண்டே.

"நீ எண்ணைப் பாத்து எழுதுடா" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நான் ஒரு கையில் மாமியின் ரவிக்கைக்கு ஹூக் வைத்தபடி, முடிந்த தாள்களை எண்ணிச் சரிபார்த்தேன். ஒரு வசனத்துக்கு ஒரு குண்டூசியாக எடுத்து வைத்தேன். என் பக்கங்களின் அடியில், அச்சில் இருந்த அதே இரண்டு வரிகளைப் பொடி எழுத்தில் சேர்த்தேன். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஃபாதர் எட்டிப் பார்த்து, "மூணாவதா ஒரு பயனுள்ள வேலை கேட்டேனே, உன் கவலைக்கே அந்த வேலையைக் குடுத்துட்டார் ஆண்டவர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஈஸ்டர் காலையில் அந்தப் புத்தகம் சிவப்பு அட்டையோடு பீடத்தின் முன் இருந்தது. பூசை முடிந்ததும் வரிசையில் போய் என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து. அளவு நோட்டில் இருக்கும் அதே கோணல் எழுத்து. யாரென்றே தெரியாத அந்தப் பழைய எழுத்துக்காரருக்காகவும் ஒரு அருள் நிறை மரியே சொன்னேன். முழுதாகச் சொன்னேன், நடுவில் எங்கேயும் போகவில்லை.

இப்போது செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்கு மிஷினை நிறுத்துகிறேன். யாராவது சத்தமாகப் படிக்க, அரை மணி நேரம் கேட்கிறோம். துணி வாங்க வருகிறவர்களும் உட்காருகிறார்கள். மாமி வந்தால் அவர்தான் படிக்க வேண்டும் என்பது தம்பியின் கட்சி. பூட்டை இன்னும் இழுத்துத்தான் பார்க்கிறேன், ஆனால் ஒரே தடவை.

பைண்டிங் செலவை அன்பியம் கொடுத்துவிட்டது. அவசர வேலைக்கென்று பைண்டர் கேட்ட ஐந்நூறு மட்டும் என் பொறுப்பு. அதில் இருநூறு கொடுத்திருக்கிறேன். மீதி முந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி.