சங்கு ஊதிய கார்

கட்டிய முடிச்சு அவிழாமலே ஒரு துணி, கட்டிய இடத்தை விட்டு வேறோர் இடத்துக்குப் போய்விட முடியுமா? எட்டு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. அந்தத் துணி இப்போது என் பீரோவில், மகளின் ஜாதக நோட்டுக்கு அடியில், பழைய பவுடர் டப்பா ஒன்றில் இருக்கிறது. கட்டைவிரல் அளவு மூட்டை. மஞ்சள் நிறம் போய்க் கறுத்து, நெய்யும் பெட்ரோலும் ஊறி, கல் போல இறுகிவிட்டது. அதிலுள்ள இரண்டு முடிச்சுகளும் நான் போட்டவை. இடப்பக்க முனை மேலே வரும்படி முடிச்சுப் போடுவது என் பிறந்த வீட்டுப் பழக்கம். இந்தத் தெருவில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம்தான்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். மகளுக்கு எட்டு மாதம். என் கணவர் ஒரு கறுப்பு நிற வாடகைக் காரை வைத்துத் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மலையடிவாரத்து ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்தில் விட்டு, அங்கே இறங்குகிறவர்களை ஏற்றி வருவதுதான் முக்கியமான பிழைப்பு. செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், தரைவழியாகவே தன் நாட்டிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வந்தவர், ஊர் திரும்பும்போது வேனை விற்றுவிட்டு அதிலிருந்து கழற்றிய ஒரு பொருளை என் கணவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துப் போனார். இன்ஜினுக்குக் காற்று போகிற குழல் அது. வாய் அகன்று, போகப் போகக் குறுகி, பளபளவென்று இருக்கும். வாயில் ஒரு கம்பி வலை. இதை மாட்டினால் வண்டி பறக்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம்.

அதை மாட்டச் சொல்லி என் கணவர் கொண்டுபோனது மெக்கானிக் பாயிடம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தவர் அவர். இந்த நினைவுக் குறிப்பு அவரைப் பற்றியதுதான். கழுத்தில் எப்போதும் ஒரு முழ ரப்பர் குழாய் தொங்கும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜினின் ஒவ்வோர் இடத்திலும் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "இன்னா பாய், என் வண்டிக்கு நாடி பாத்தாச்சா?" என்று லாரிக்காரர்கள் சீண்டுவார்கள். "வண்டி நல்லாத்தான் இருக்குது. ஆயில் மாத்தாத உனுக்குத்தான் நாடி விழுந்துடும்" என்பார், சிரிக்காமல்.

அந்தக் குழலைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குக் குழந்தைக்கு அம்மை ஊசி போட்டுவிட்டுத் திரும்பும் வழி. நான் பின் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். "சார், வண்டியில இருக்கிற பழைய டப்பா சும்மா பெருசா இல்ல. காத்தையும் வடிகட்டுது, சத்தத்தையும் முழுங்குது. இது தொறந்த வாய். இன்ஜின் சூட்டையே குடிக்கும். சத்தம் ஜாஸ்தி ஆவும், இழுவை கம்மி ஆவும்."

"வெள்ளக்காரன் வண்டி பறந்துதே பாய்."

"அவன் ஊரு குளுரு சார். நம்ம ஊரு பங்குனி."

"நீங்க மாட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

மாட்டினார். ஆனால் கழற்றிய பழைய டப்பாவைத் துடைத்து, சாக்கில் சுற்றி, கொட்டகை மூலையில் வைத்தார். "இது என்கிட்டயே இருக்கட்டும். தேவைப்படும்."

என்னையும் குழந்தையையும் ரிக்ஷாவில் அனுப்பிவிட்டு என் கணவர் அங்கேயே இருந்தார். அன்று மாலையே அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். இன்ஜின் சத்தம் மாதிரி இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, அடிவயிற்றிலிருந்து எழுவது போல ஊ என்று ஒரே சுருதியில் நீண்டது. தெரு முனை திரும்பும்போது சுவர்களில் பட்டு இரண்டாகக் கேட்டது. என் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். "ஏன்டி, உனுக்குக் காதுல விழலியா? எழவு வூட்டு சங்கு மாதிரி இருக்குது." ஒரு வாரத்துக்குள் தெருவே அதைச் சங்கு வண்டி என்றது. "யாரு வூட்டுக்குப்பா இன்னிக்கு?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டுச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். வண்டி மேட்டில் முன்போல ஏறவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் குழந்தை. அந்தச் சத்தம் வந்த நாளிலிருந்து அவள் அழுகை குறைந்தது. அழுதுகொண்டிருப்பவள் திடீரென்று நிறுத்துவாள். தலையைத் தெருப்பக்கம் திருப்புவாள். உதடுகளைக் குவித்து, ஊ என்று இழுப்பாள். நான் கேட்டவரை அதே சுருதி. அப்போது தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. பாலை ஆற்றி, புடைத்த அரிசியைத் தூக்கி வைக்கும் நேரத்துக்குப் பிறகுதான் தூரத்தில் அந்தக் கார் கேட்கும். குழந்தைகளுக்குக் காது கூர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பி.யு.சி. வரை படித்தவள் நான். ஆனாலும் இரண்டு நாள் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் பதினைந்து. மூன்றாம் நாள் பார்க்கப் பயந்து கடிகாரத்தின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

மாமியாரிடம் சொன்னேன். அவர் பூஜை அறைக்குப் போய்த் தீப மை டப்பாவை எடுத்து வந்தார். கார்த்திகையில் மலை உச்சியில் எரிந்த தீபக் கொப்பரையில் சேரும் கரியும் நெய்யும் கலந்த மை அது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கொஞ்சம் இருக்கும். குழந்தை நெற்றியில் வைப்போம், நிலைப்படியில் வைப்போம். "சத்தம் எந்த வாயிலேர்ந்து வருதோ, அந்த வாயில கட்டுடி. அவன்கிட்ட சொல்லாத, கத்துவான்."

மறுநாள் மத்தியானம், என் கணவர் சாப்பிட்டுத் தூங்கும்போது, மஞ்சள் துணியில் மையை உருட்டி வைத்து இரண்டு முடிச்சுப் போட்டேன். வேப்பமர நிழலில் கார் நின்றது. முன் மூடியைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தேன். குழலின் வாய் என்னைப் பார்த்தபடி இருந்தது. துணியின் வால் நுனியை வலைக்கு வெளியே, விளிம்பிலிருந்த சிறு கொக்கியில் சுற்றினேன். வெளியேதான். என் கையை இப்போதும் கண்முன் பார்க்கிறேன்; வலைக்கு வெளியேதான் இருக்கிறது.

நான்காம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. ஊர் டாக்டர் வேலூருக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். காலை பத்து மணி வெயிலில் கிளம்பினோம். போளூர் தாண்டும்வரை வண்டி ஓடியது. அதன்பிறகு அவர் மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. சத்தம் மட்டும் ஏறியது, கூடவே தடித்தது. மடியில் அனலாகக் கிடந்த குழந்தை, கண்ணைத் திறக்காமலே, உதட்டைக் குவித்து அதோடு சேர்ந்து இழுத்தாள். இரண்டில் எது குழந்தை, எது கார் என்று எனக்குப் பிரியவில்லை. ஒரு புளியமரத்தின் கீழே வண்டி உதறி நின்றது. சத்தம் அறுந்தது. அதே நொடியில் குழந்தையின் சத்தமும் அறுந்தது.

அவள் மூக்கின் கீழ் என் புறங்கையை வைத்தேன். ஒன்றும் படவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் சாலை நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆரணிப் பக்கமிருந்து வந்த ஒரு பஸ் நின்றபோதுதான் என் புறங்கையில் லேசாக ஒரு சூடு பட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள். பிழைத்தாள். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் திரும்பிய மறுநாள், லாரியில் கட்டி இழுத்து வந்திருந்த காரை வீட்டு வாசலிலேயே வைத்து மெக்கானிக் பாய் பார்த்தார். என் கணவர் கோயிலுக்குப் போயிருந்தார். குழந்தையோடு நான் தண்ணீர்ச் சொம்பு கொண்டுபோய் நின்றேன். இன்ஜின் திணறி ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாயைக் காதில் வைத்து ஒவ்வோர் இணைப்பாகக் கேட்டார். எங்காவது காற்றுக் கசிகிறதா என்று எண்ணெய்க் கேனால் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். அடியில் ஓர் இணைப்பு மட்டும் எண்ணெயை லேசாக உறிஞ்சியது. பிறகு உள்ளங்கையால் குழலின் வாயை முழுதாக மூடினார். "பாரும்மா, வாயை மூடுனா வண்டி நிக்கணும். நிக்கல, மாத்தமே இல்ல. அப்போ உள்ள எங்கியோ ஏற்கெனவே மூடிக்கினு கீது." குழலைக் கழற்றினார். இன்ஜின் உடனே மூச்சு விட்டு, பழையபடி சீராக ஓடியது. குழலைக் கவிழ்த்துத் தட்டினார். விழவில்லை. விரலை விட்டு நோண்டி எடுத்தார். மஞ்சள் மூட்டை.

வலைக்குப் பின்னால், குறுகிய இடத்தில் அது அடைத்திருந்தது. முடிச்சு இரண்டும் அப்படியே இருந்தன. அவர் வலையைப் பார்த்தார், கிழியவில்லை. அதைப் பிடித்திருந்த நான்கு திருகுகளைப் பார்த்தார், இறுகித்தான் இருந்தன. விரலில் ஒட்டிய கரியை முகர்ந்தார். "மல மேல ஏத்துற தீபத்து மைதானே இது?" நான் குழந்தையைத் தோள் மாற்றினேன். "வலையை யாராச்சும் கழட்டுனீங்களாம்மா?" இல்லை என்று தலையாட்டினேன். அவர் பார்வை என் வலது கையில் நின்றது. ஆள்காட்டி விரலில், காய்ந்தும் காயாமலும், கம்பி இழுத்த மாதிரி ஒரு கீறல். அது எப்போது பட்டது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

தெரு முனையில் என் கணவர் வந்துகொண்டிருந்தார். மூட்டையை என் சொம்புக்குள் போட்டார் பாய். "உள்ள போம்மா. புள்ள மேல வெயில் படுது."

கதவின் பின்னாலிருந்து கேட்டேன். "கரி அடச்சிக்கிச்சு சார். மாட்டும்போது நான் கவனிக்கல. தப்பு என்னுதுதான். பழைய டப்பாவைக் கொண்டாந்துட்டேன், அதையே போட்டுடறேன்." என் கணவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. "என் பொண்ணு செத்திருப்பா பாய்! உன் காதுல இருக்கிற குழாய கழட்டித் தூக்கிப் போடு!" பாய் டப்பாவை மாட்டி, திருகுகளை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போக எனக்கு நான்கு அடி தூரம்தான். நான் போகவில்லை. புருஷன் வீட்டில் நிலைத்து நிற்க வேண்டும் என்ற பயம். அதை அன்று அடக்கம் என்று நினைத்தேன்.

டாக்ஸிக்காரர்களிடையே பேச்சு பரவியது. இரண்டு வருஷத்தில் கொட்டகையை மூடிவிட்டு அவர் வாணியம்பாடிக்குப் போய்விட்டார். மாமியாரும் காலமாகிவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் இப்போது இரண்டே பேர்.

இப்போது எங்களிடம் மூன்று கார்கள். போன வாரம் பாயின் மகன் வந்தார். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதாம். குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வந்துவிட நினைக்கிறார்களாம். எங்கள் கார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை தனக்குக் கிடைக்குமா என்று கேட்டார். கழுத்தில் அதே ரப்பர் குழாய். என் கணவர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லவில்லை. "தீபம் கழியட்டும், பாக்கலாம்" என்றார். அவர் போனபிறகு என்னிடம், "அப்பன் கைதானே அவனுக்கும்" என்றார். காபி டம்ளரோடு நான் நின்றேன். அன்று கதவின் பின்னால் நின்ற மாதிரியே.

நேற்று டப்பாவைத் திறந்தேன். முடிச்சு இறுக்கமாகத்தான் இருக்கிறது. காற்று உறிஞ்சி உள்ளே இழுத்தது என்றால் வலை கிழிந்திருக்க வேண்டும். நானே வலையைக் கழற்றி, அந்தச் சத்தத்தின் தொண்டையிலேயே திணித்துவிட்டு, மறந்துவிட்டேன் என்றால், என் குழந்தையைப் புளியமரத்தடியில் நிறுத்தியது நான்தான். என் கணவரிடம் சொல்லப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, அது எப்படி உள்ளே போனது என்பதாகத்தான் இருக்கும். அதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இல்லாமல் பாதி உண்மையை மட்டும் ஒருவர் எப்படிச் சொல்வது?

எட்டு வயது மகளுக்கு இதில் எதுவும் தெரியாது. யாரும் சொன்னதில்லை. இதை எழுதும்போது பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். உதட்டைக் குவித்து, ஊ என்று மெதுவாக இழுக்கிறாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அந்தக் குழலை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது.

தீபத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் இந்த மூட்டையை என் கணவர் முன்னால் வைக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. வைத்தபிறகு இந்த வீட்டில் என் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று இன்னொரு மனம் கேட்கிறது. முதலில் வாணியம்பாடிக்குப் போய் பாயின் காலடியில் வைப்பதா? இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல் ஒரு கதவின் பின்னால் நின்றவர்கள் இருந்தால், எப்படி வெளியே வந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். முடிச்சை அவிழ்க்கலாமா, அப்படியே கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.