பாட்டுக்கு அடியில் ஒரு டாக்டர்

டாக்டர் ஜெயசீலன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் முந்திரிக் கிடங்கில் பருப்புத் தரம் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவரோடு சேர்ந்து பாட்டுப் போட்ட அன்புதான் துபாயிலிருந்து போன் செய்தான். "அக்கா, நம்ம டாக்டரு போயிட்டாருக்கா" என்றான். காலையில் வண்டியை எடுக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஐம்பதைக்கூடத் தொடாத மனிதர். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அப்படி என்ன அவசரம் என்று அவரிடமே கேட்க வேண்டும் போலிருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் மாடு காட்டியவர்கள். ஜல்லிக்கட்டு நாட்களில் காளைகளைப் பரிசோதிக்க வாடிவாசல் வாடிவாசலாக அவர் அலைந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதே மனிதர் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரம் போடும் கிட்டார், வாசிப்பார் என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். மீமிசல் பக்கம் பிறந்தவர். சர்ச் பாடகர் குழுவில் சின்ன வயதிலேயே அந்த வாத்தியத்தைப் பிடித்தவர். அன்பு பாடுவான், கிட்டாரும் வாசிப்பான். டிரம்ஸுக்கு ஒரு கல்லூரி விரிவுரையாளர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடங்கு சும்மா கிடக்கும் என்பதால் மூன்று பேரும் அங்கேதான் ஒத்திகை பார்ப்பார்கள். தகரக் கூரை அதிரும். முழுப் பருப்பெல்லாம் உடைசலாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் புலம்புவார்.

"இது என்ன வகைப் பாட்டு டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இண்டி ராக்குக்கா. சினிமாக்காரங்க யாரும் கேக்காமலே நாமளே போட்டு, நாமளே பாடி, கடைசில நாமளே கேட்டுக்கிறது."

"அது சரி. ஒங்க வாத்தியம் மட்டும் எனக்குக் கேக்கவே மாட்டேங்குதே. கரண்டு வரலையா?"

"வருதுக்கா. நிறுத்துனாத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

ஒருவழியாக ஆல்பம் வந்தது. 'வெயிலுக்கு முன்னாடி' என்று பெயர். நான்தான் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். என் தங்கை மகனுக்குக் காதுகுத்து, குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. அங்கேதான் வெளியீட்டு விழா என்று நானே முடிவு செய்துவிட்டேன். மைக்செட்டுக்காரர் புளியமரத்தில் இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டியிருந்தார். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து இறங்கும் நேரம் பார்த்துப் பாட்டைப் போடச் சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது கிடங்கில் கேட்ட அதே ஆட்டம் பாட்டத்தை. வந்ததோ வேறு. அன்பு தூக்கத்தில் முனகுவது போலப் பாடினான். கிட்டார் கீச் கீச்சென்றது. நடுநடுவே ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக ஓடியது. ஆட வந்த பிள்ளைகள் கையைத் தூக்கியபடி நின்றார்கள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏந்தா, காது குத்துற எடத்துல இப்புடியா அழுவாங்க? நல்ல பாட்டாப் போடச் சொல்லு" என்றார். இரண்டாவது பாட்டு பாதியிலேயே மைக்செட்டுக்காரர் சினிமாப் பாட்டுக்கு மாறினார். பந்தல் கலகலப்பானது.

டாக்டர் பந்தியில் உட்கார்ந்து கறிக்குழம்பை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், எனக்குப் புடிக்கலை. இவ்வளவு நாளு இதுக்கா எங்க கூரையை ஆட்டுனீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"நல்லதுக்கா. ஆனா பின்னாடி வந்து, பரவாயில்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க. நான் நாள் பூரா மாட்டுக்காரங்களுக்கு ஆறுதல் சொல்ற ஆளு. எனக்கு அது ஒடனே தெரிஞ்சிரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அன்பு துபாய் போய்விட்டான். விரிவுரையாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஒரு மனிதர் ஆசைப்பட்டுப் போட்ட ஒரே ஆல்பம், ஒரு காதுகுத்தில் பாதியில் நின்றதோடு முடிந்தது.

அவர்கள் விட்டுப் போன பெரிய பெட்டி ஸ்பீக்கர் மட்டும் கிடங்கிலேயே கிடந்தது. எங்களிடம் வேலை செய்யும் சித்ரா அதை உசுப்பி வேலை நேரத்தில் பாட்டு ஓடவிடுவாள். ஒருநாள் அதில் இந்த ஆல்பம் மாட்டிக்கொண்டது. கையெல்லாம் முந்திரித் தோல், எழுந்துபோய் மாற்ற யாருக்கும் சோம்பல். அதனால் முழுசாக ஓடியது. மறுநாளும் ஓடியது. உண்மையைச் சொன்னால், அந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது எங்கள் சோம்பேறித்தனம்தான்.

ஒரு வாரம் போயிருக்கும். முதல் பாட்டு முடியப்போகும்போது நான் எழுந்தேன். சித்ரா அதட்டினாள். "இருங்கக்கா, அங்கிட்டு இங்கிட்டு நடக்காதீங்க. இப்பத்தான் நல்ல எடம் வருது." நல்ல இடமா என்று உட்கார்ந்து கேட்டேன். அன்பு பாடுவதை நிறுத்துகிறான், கிட்டாரும் ஓய்கிறது, தரைக்கு அடியில் யாரோ நடப்பது போல ஒரு சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. கோயிலில் வெறுமையாக ஓடியது இந்த இடம்தான். அப்புறம்தான் விரிவுரையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மரத்தில் கட்டிய குழாயில் அந்தத் தாழ்ந்த சத்தம் வரவே வராதாம். டாக்டரை முழுசாக விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் அன்றைக்கு ஊருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்!

அதற்காக மறுநாளே எல்லாப் பாட்டும் இனித்துவிடவில்லை. ஐந்தாவது பாட்டு இழுவை என்று ரொம்ப நாள் நினைத்தேன். பிறகு ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாய் எதையோ முணுமுணுத்தது. வார்த்தை இல்லை, அன்பு பாடும் மெட்டும் இல்லை. டும், டுடும், டும் என்று என்னவோ. எங்கே கேட்டோம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அந்த இழுவைப் பாட்டுக்குள்தான் போய் நின்றேன். தோசை கருகிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஆறுதல் என்று நினைத்துக்கொள்வாரே.

எங்கள் மாடு சினையா என்று பார்க்க அவர் வந்த அன்று வழி கிடைத்தது. தோள் வரை உறை மாட்டி, கையை மாட்டுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்று, "பாட்டு நல்லாருக்கு டாக்டர்" என்றெல்லாம் சொல்லவில்லை. டும், டுடும், டும் என்று வாயாலேயே ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறந்தார். கையை வெளியே எடுக்க முடியாத நிலை. நான் விடவில்லை, பாட்டு திரும்பும் இடம் வரை போனேன். அவருடைய இன்னொரு கை மாட்டின் முதுகில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, அங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார். "அந்த எடத்துல மறுபடி கீழ எறங்கணும்."

இறங்கினேன். மாடு திரும்பிப் பார்த்தது. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "சினைதான்க்கா, மூணு மாசம்" என்று அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே சொன்னார். அதன்பின் மருந்து கொடுக்க வந்தாலும் ஊசி போட வந்தாலும், "எந்தப் பாட்டுக்கா இப்ப?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ரோஸி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அன்பு குரலு தெரியுது. இதுல அவரு வாசிக்கிறது எதுன்னு எனக்குத் தெரியலை. அவரு இருக்கையில கேக்க வெக்கமா இருந்துச்சு. இப்ப யாருகிட்ட கேப்பேன்?"

இயர்போனில் ஒன்றை அவர் காதிலும் மற்றொன்றை என் காதிலும் வைத்தேன். அன்பு பாடட்டும், அவனை விட்டுவிடுங்கள் என்றேன். டாக்டர் வாசிப்பதோடு சேர்ந்து மெல்ல வாயால் போட்டுக் காட்டினேன். ரோஸி கண்ணை மூடிக்கொண்டார். பாதிப் பாட்டில் என் கையைப் பிடித்தார்.

"இதுவா அவரு? அக்கா, இது பாட்டு பூரா இருக்கே!"

"பூரா இருக்காரு" என்றேன்.

அவரை நான் நினைவில் வைத்துக்கொண்டிருப்பது இப்படித்தான். இப்போது டீக்கடையில் ஓடும் எந்தப் பாட்டிலும் என் காது தானாகக் கீழே இறங்கி, அங்கே வாசிக்கும் முகம் தெரியாத ஆளைத் தேடிப் பிடிக்கிறது. அன்று ரோஸியும் நானும் ஆல்பம் முழுவதையும் கேட்டோம். இழுவைப் பாட்டு வந்தபோது ரோஸியும் டும், டுடும், டும் என்று ஆரம்பித்தார். கீழே இறங்கும் இடத்தில் ஒன்றை விட்டுவிட்டார். நான் திருத்தினேன்.