தம்பிக்கு அவித்த மீன்

மஞ்சளும் உள்ளியும் போட்டு, உப்பு ஒரு கிள்ளு மட்டும் சேர்த்து அவித்த கிழக்கன் மீனுக்கென்று ஒரு மணம் உண்டு. குழம்பு மீனைப் போல அது வாசலிலேயே வந்து மூக்கில் அடிக்காது. கிண்ணத்தின் மூடியைத் திறந்தால்தான், கொஞ்சம் கடலும் கொஞ்சம் மருந்துமாக மெல்ல எழும்பி வரும். இன்றைக்கும் என் அடுப்பில் அந்த மணம் வந்தால் மூடியைத் திரும்பவும் போட்டுவிடுகிறேன். எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் நான் செய்த காரியம் அந்த மணத்தோடு சேர்ந்து வருவதுதான் காரணம். அதை நான் பதினைந்து வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மன்னாரில், பேசாலையில் எங்கள் வளவு கடற்கரைக்குக் கிட்ட இருந்தது. அப்பா கடற்தொழில். அம்மா காலை எட்டு மணிக்கெல்லாம் தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு, கருவாடு போடுகிற வாடிக்கு மீன் வெட்டப் போவார். பின்னேரம் மூன்று மணிக்குத்தான், கைகளில் செதில் ஒட்டியபடி, திரும்பி வந்து மறுபடி பால் கொடுப்பார். நடுவில் தம்பி என் பொறுப்பு. அவனுக்கு அப்போது எட்டு மாதம். பெரிய கண்ணும் மெல்லிய கால்களுமாக இருப்பான். சிரித்தால் பல்லில்லாத முரசு மட்டும் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் பல்லு முளைக்காத பிள்ளைக்கு யாரும் மீன் கொடுப்பதில்லை. கொடுத்தால் "மாந்தம்" வரும், வயிறு ஊதும், கழியும் என்பார்கள். காலையில் கரையில் மீன் கூடை கூடையாக இறங்கும். மத்தியானம் அதே வீடுகளில் பிள்ளைகள் கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு முரண் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, மெற்றில்டா அக்காவைத் தவிர.

மெற்றில்டா அக்கா குடும்பநல மாதுவுக்கு உதவியாக வீடு வீடாகப் போகிற தொண்டர். சம்பளம் கிடையாது; ஒரு நீலக் குடையும் ஒரு துணிப்பையும்தான். மாதத்தில் ஒருநாள் கோவில் மண்டபத்துக் கூரை வளையில் தராசைத் தூக்கி, அதில் பிள்ளைகளைத் துணிக் காற்சட்டையில் தொங்கவிட்டு நிறை பார்ப்பதால் அவருக்கு "நிறைக்கார அக்கா" என்று பெயர். நிறை கூடினால் அட்டையில் கோடு மேலே ஏறும்; கூடாவிட்டால் "கோடு படுத்திட்டு" என்பார்கள். கோடு படுத்த வீட்டுக்கு அடுத்த நாளே நீலக்குடை வரும் என்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா தயங்கித் தயங்கி பல்லுக் கதையைச் சொன்னார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"நல்ல வடிவான பங்கீடு. மனுசனுக்கு நடுத்துண்டு, பூனைக்குத் தலை, பிள்ளைக்கு மட்டும் தண்ணியோ? மீனைச் சப்பவா போறான்? மசிச்சுக் குடுத்தா முரசு காணும், பல்லு தேவையில்லை, பிள்ளை."

சொன்னதோடு அவர் விடவில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, அம்மா அவித்த கிழக்கனைத் தட்டில் பரப்பி, பெருவிரலால் ஒருதரம் அமத்தி முள்ளுப் பார்த்து, தட்டைத் திருப்பி இன்னொருதரம் பார்த்து, பிறகு சோற்றோடு மசித்து நகக்கண்ணளவு எடுத்துத் தம்பியின் உதட்டில் வைத்தார். அவன் துப்பினான். அவர் அவனோடு கதைத்தார், தானும் வாயைத் திறந்து காட்டினார், மறுபடி வைத்தார். ஏழாவது தரமோ எட்டாவது தரமோ அவன் விழுங்கினான். "அவசரப்படுத்தாதேங்கோ. துப்பினா வேண்டாம் எண்டு அர்த்தமில்லை, பழகிறான் எண்டு அர்த்தம்," என்றார். அதை அவர் அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். மத்தியானச் சோறு என் கையில்தான் என்று அவருக்குத் தெரியும்.

போகும்போது ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டார். தாளில் பருப்பு, கீரை, முட்டை, மீன் என்று சின்னச் சின்னப் படங்கள். கீழே நாட்களுக்குப் பெட்டிகள். கொடுத்த அன்று கொடுத்ததற்கு நேரே சரி போட வேண்டும். "இவ எழுத்துக்காரி. இவ போடட்டும்," என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அன்று தலைகால் தெரியாத பெருமை.

பெருமை மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் வெளியே பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடக் கூப்பிட்டார்கள். தம்பி துப்பினான். மறுபடி வைத்தேன், மறுபடி துப்பினான். கிண்ணத்தில் மீன் வெள்ளையாக, மெத்தென்று கிடந்தது; எங்களுக்கு வீட்டில் கிடைப்பது எப்போதும் வாலும் முள்ளுந்தான். ஒரு துண்டு என் வாயில் போட்டேன். பிறகு முழுவதையும் போட்டேன். குடத்துத் தண்ணீரில் சீனி கரைத்து அவனுக்குப் பருக்கினேன். அதை அவன் ஒரே மூச்சில் குடித்தான். அவனுக்கென்று அம்மா கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் போத்தலில் இருந்தது, அதை எட்டி எடுக்கவும் எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. ஓடிப்போகுமுன் மறக்காமல் ஒன்று செய்தேன்: மீனுக்கு நேரே சரி போட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். ஒரு கிழமைக்கான ஏழு சரியையும் ஒரே தடவையில் போட்டுவைத்த நாளும் உண்டு. களவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் "களவாய் மீன் சாப்பிட்டனான், சுவாமி" என்று சொன்னேன். யாருடைய மீன் என்று குருவானவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாளைப் பற்றி மூச்சே விடவில்லை. அவர் சொல்லச் சொன்ன மூன்று செபத்தோடு எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நிறை பார்க்கிற நாளில் தம்பியின் கோடு படுக்கவில்லை, கீழே இறங்கியிருந்தது. அதற்கு முன்பே இரண்டு நாளாக அவனுக்கு வயிற்றாலை போய்க்கொண்டிருந்தது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த தாளை நெடுநேரம் பார்த்தார். மீனுக்கு நேரே ஒரு பெட்டியும் வெறுமையாக இல்லை. "இவ்வளவும் சாப்பிடுற பிள்ளைக்கு நிறை இறங்குதெண்டா உள்ளுக்க ஏதோ வருத்தம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ," என்றார். தாள் உண்மையைச் சொல்லியிருந்தால், மீனுக்குப் பதில் என்ன கொடுத்தாய் என்று தொடங்கி, தண்ணீரைப் பற்றியும் கைகளைப் பற்றியும் அக்கா அன்றைக்கே கேட்டிருப்பார். அது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

தம்பி பத்து நாள் மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முதல் மூன்று நாளும் பிழைப்பானோ என்று தெரியாது. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள வந்த மாமி, அப்பாவின் தமக்கை, அடுப்படியில் நின்று சொன்னார்: "பல்லு முளைக்க முந்தி மீன் குடுத்தா வேறென்ன வரும்? அந்த நிறைக்காரி படிச்சுக் குடுத்த படிப்பு." அந்தப் பேச்சு ஒழுங்கையெல்லாம் போனது. அக்கா விசாரிக்க வந்தபோது அப்பா வாசல் படலையிலேயே மறித்தார். அப்பா பெண்களிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"உங்கட மீனும் வேண்டாம், தாளும் வேண்டாம். இனி இந்த வளவுக்குள்ள கால் வைக்காதேங்கோ."

அக்கா படலையைப் பிடித்தபடி நின்றார். "சொன்னபடி ஒரு நாள் விடாமல் குடுத்திருக்கினம்," என்றார், யாரிடமோ கேட்பதைப் போல. "அப்ப நான்தான் பிழை விட்டிட்டனோ?" குடையை விரிக்காமலே வெயிலில் நடந்து போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "நான்தான் சாப்பிட்டனான்" என்று சொல்லியிருந்தால் போதும். அடிக்குப் பயந்தேன், எழுத்துக்காரி என்ற பெயர் போய்விடும் என்று அதைவிடப் பயந்தேன்.

தம்பி தேறி வந்தான். இந்த வருடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான், வாசல் நிலையில் தலை முட்டாமல் குனிந்து வருகிறான், கிழக்கனைக் கண்டால் சட்டியோடு இழுக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம், நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனிப் போய்ச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நான் கல்யாணம் கட்டி மன்னார் டவுனுக்குக் கிட்ட, பள்ளிமுனையில் இருக்கிறேன். மகளுக்கு எட்டு மாதம். வளையில் தொங்கிய தராசை இங்கே காணோம். மின்தராசில் படுக்க வைத்தால் இலக்கம் மின்னுகிறது. சுவரில் தாள் ஒட்டுவாரும் இல்லை, நூலில் கட்டிய பென்சிலும் இல்லை. குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்து, நேற்று என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். அவர் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் தேவைக்கு மேலே உண்மை சொல்லுகிறேன். அரைக் கரண்டி துப்பியதையும் சொல்லுகிறேன்.

போன மாதம் மெற்றில்டா அக்கா பிள்ளை பார்க்க வந்தார். தலை பாதி நரைத்திருந்தது, குடை கறுப்பாக மாறியிருந்தது. நான் மகளுக்கு மத்தியானச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைச் சவர்க்காரப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தவரின் முகம் மாறியது.

"மீனோ? பல்லு வந்திட்டுதோ, பிள்ளை?"

பல்லுக் கதைக்குத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்த மனுஷி அதைக் கேட்டார்.

"இன்னும் இல்லை அக்கா. நீங்கள்தானே முரசு காணும் எண்டு சொன்னனீங்கள்."

"அது அப்ப சொன்னது. உங்கட தம்பிக்குப் பிறகு நான் ஆருக்கும் மீன் சொல்லுறதில்லை. தொண்டர் வகுப்பில எங்களுக்கு மீன் எண்டுதான் படிப்பிப்பினம், நான் வீடுகளில பருப்பு, கீரை, முட்டை எண்டு சொல்லிட்டு வந்திடுவன். ஒரு பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தனே எண்டு மனசு விடுறேல்லை."

கையில் எடுத்த சோறு என் விரலிலேயே காய்ந்தது. பதினைந்து வருடம். நான் ஒரு வீட்டு மீனைத்தான் தின்றேன் என்று நினைத்திருந்தேன்.

சொன்னேன். கிளித்தட்டு, சீனித் தண்ணீர், குடம், பென்சில், ஒரு கிழமைச் சரி எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை பாதியில் வந்தது, அழுதபடியே சொன்னேன். மகள் என் முகத்தையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அவன் மீன் தின்னேல்லையோ?"

"இல்லை அக்கா. நான்தான் திண்டனான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. மடியில் கிடந்த கையை விரித்து, பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்: "நான் மீன் சொல்லாமல் விட்டதுகள்... ஜெசிந்தாவின்ர மூத்தவள். சங்குவாடியார்ர பேரன். அருளற்ர இரட்டைப் பிள்ளையள். புஷ்பத்தின்ர கடைக்குட்டி, அது எவ்வளவு மெலிஞ்சு கிடந்தது..." ஒரு கை முடிந்து மற்றக் கைக்கு மாறினார். மகள் அடுத்த வாய்க்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பெயர்களை நிறுத்தவில்லை.