ஆள் இருக்கிற இடம்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் முடிவில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய மண்டபம் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே பாலே வகுப்பு நடக்கும். நீளச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கட்டை அடித்திருந்தார்கள். மாணவிகள் அதை ஒரு கையால் பிடித்து வரிசையாக நின்று காலைப் பழக்குவார்கள். இருபது வயது தாண்டி நான் அங்கே திரும்பிப் போன முதல் நாள், தூணுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் போய் நின்றேன்.

"அங்க வேணாம்," என்றார் மிஸ். "அங்க ஆள் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பெட்டை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அதில நிக்காதேங்கோ. அவன்ர காலை மிதிச்சுப் போடுவியள்."

நான் ஓர் இடம் பின்னால் தள்ளி நின்றேன். பாட்டு தொடங்கியது.

வகுப்பு முடிந்து சப்பாத்து மாற்றும்போது அந்தப் பெட்டையே மிச்சத்தையும் சொன்னாள். முந்தி இந்த வகுப்பில் ஒரு பெடியன் இருந்தானாம். மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற பொம்பிளையின் மகன். தமிழருக்கு எதிரான ஆடி மாதத்துக் கலவரத்தில் அவர்கள் இருந்த அறையை உள்ளே ஆள் இருக்கவே கொளுத்தினார்களாம். பெடியன் வகுப்பு உடுப்போடு எரிந்தானாம். ரயில் வரும்போது கட்டை முழுவதும் அதிரும், ஆனால் அவன் இடத்தில்தான் முதலில் அதிருமாம்.

"நீ கண்டியா?" என்றேன்.

"காணேல்ல. கையில தெரியும்."

அந்தப் பெடியன் நான்தான்.

எங்கள் அறை எரிந்தது உண்மை. உள்ளே ஆள் இருக்கவில்லை. அதற்கு முதல் நாளே அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஒரு லொறியில் ஏறிவிட்டார். முகாமில் கொஞ்ச நாள், பிறகு அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் சொந்தக்காரர்களின் லய அறையில் பல வருடம். வகுப்புக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. யார் போய்ச் சொல்வது?

வகுப்பில் நான் சேர்ந்ததும் தற்செயல்தான். அம்மா வேலை முடிக்கும்வரை வாசலில் குந்தியிருந்த என்னை, அப்போது வகுப்பு நடத்திய கிழவி மிஸ் கூப்பிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மேடைக்கு ஓர் ஆண் பிள்ளை தேவைப்பட்டது. இரண்டு வருடம் பழகினேன். வகுப்பு முடிவில் எல்லோரும் வணக்கம் செய்ய வேண்டும். பெண்கள் ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடித்து, பாவாடையை விரித்துத் தாழ்வார்கள். அவர்கள் எழுந்த பிறகு நான் மட்டும் கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்று தலையைக் குனிய வேண்டும். அது ஆண்களின் வணக்கம். ஒவ்வொரு முறையும் பிழையான வரிசையில் நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

பத்தாம் வகுப்புக்குள் பள்ளிக்கூடத்தை விட்டேன். புத்தளத்தில் பேக்கரி, சிலாபத்தில் சைக்கிள் கடை, நுகேகொடையில் புடவைக் கடைக்குப் பின்னால் தையல் வேலை என்று ஊர் மாறி ஊர் போனேன். எங்கும் நிலைக்கவில்லை. இடையில் தலைமயிரை வளர்த்தேன், பாவாடை உடுத்தேன், பெண்ணாகவே இருந்துவிட்டேன். இப்போது திருநங்கை என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அப்போது தெருவில் இருந்த சொற்களை இங்கே எழுதப் போவதில்லை. கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஓர் அக்காவின் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தேன். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் கொழும்பில் அவர் ஒருவர்தான்.

பாலே பழகப் போகிறேன் என்றதும் அவர் இடியப்ப உரலை வைத்துவிட்டுக் கேட்டார். "பலேயா? அது என்னடி, கைதட்டுறதுக்கும் கிளாஸா?"

"ஆட்டம் அக்கா. வெள்ளக்காரன் ஆட்டம்."

"ஆமிக்காரன் ஆட்டுறது காணாதா ஒனக்கு?"

அவர் பகிடியாகச் சொன்னாலும் அது பகிடி இல்லை. பம்பலப்பிட்டியில் ஆமிக்காரர் சோதனைக்காகப் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் அடையாள அட்டையில் பையனின் படமும் பையனின் பெயரும் இருந்தன. எந்த வரிசையில் நின்றாலும் மாட்டுவேன். தமிழ் ஆள், அட்டையும் ஆளும் பொருந்தவில்லை என்றால் எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அதனால் கொள்ளுப்பிட்டியிலேயே இறங்கி, கடலோர ரயில் பாதையில் நடந்து போவேன்.

மண்டபத்தில் யாருக்கும் நான் யார் என்று தெரியக்கூடாது. தெரிந்தால் பெண்கள் வரிசையில் இடம் போகும். ஒரு மாணவியின் தாய் வாய் திறந்தால் பொலிசும் வரும். அவ்வளவு பயத்தோடும் ஏன் போனேன் என்றால், அந்த முழங்கால் மடித்த வணக்கத்தை ஒருமுறையாவது பெண்களோடு நின்று செய்ய வேண்டும் என்றுதான். வேறொன்றும் இல்லை.

இப்போதைய மிஸ்ஸை எனக்கு நினைவிருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது வகுப்பிலேயே பெரிய மாணவி, மண்டபத்துச் சாவியைக் கழுத்தில் போட்டிருந்த, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிப் பெண். கிழவி மிஸ் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது வகுப்பை இவரிடம் விட்டுப் போனார். பையன் வந்தால் நிற்க இடம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவர் அதை அப்படியே காப்பாற்றினார். இடத்தை மட்டுமல்ல. வகுப்பு முடிவில் பெண்கள் தாழ்ந்து எழுந்த பிறகு, கசெட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், யாரும் அசைய மாட்டார்கள். தூணுக்குப் பக்கத்து வெறுமையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது அவன் தலை குனியும் நேரம். அது முடிந்த பிறகுதான் மிஸ் பாட்டை நிறுத்துவார்.

முதல் நாள் அந்தப் பக்கம் பார்த்து நின்றபோது எனக்குக் கழுத்தில் வேர்த்தது. என்னுடைய திவசத்துக்கு நானே போயிருப்பதுபோல இருந்தது.

குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு, கண்ணாடி சிதறாமலிருக்க மண்டபத்துப் பெரிய கண்ணாடியில் கடதாசிப் பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்கள். அதில் பார்த்தால் எல்லோரும் துண்டு துண்டாகத் தெரிவார்கள். ஒருத்தியின் தோள் ஒரு கட்டத்தில், கால் இன்னொரு கட்டத்தில். சில கிழமைகளுக்குப் பிறகு, எனக்கு முன்னாலிருந்த காலி இடத்துக் கட்டத்திலும் ஒரு கால் அசைவது தெரிந்தது. என்னுடைய காலாகத்தான் இருக்கும், கண்ணாடி பழசு, கோணல் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கால் சின்னதாக இருந்தது. நான் நிறுத்திய பிறகுதான் அது நிறுத்தியது. ரயில் வந்தபோது கட்டையில் என் கைக்கு முன்னால் அந்த இடத்திலிருந்துதான் அதிர்வு வந்தது. பெட்டை சொன்னது சரிதான். நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

ஒரு மழைப் பின்னேரம் கரண்ட் போனது. கசெட் இழுத்து இழுத்துச் செத்தது. மிஸ் கையைத் தட்டிக்கொண்டு வகுப்பைத் தொடர்ந்தார். இருட்டவில்லை, ஆனால் எல்லாம் சாம்பல் நிறம். காலை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலது கால் நுனி உள்ளே வளையும். கைதட்டல் நின்றது. எனக்குப் பின்னால் மிஸ் வந்து குனிந்து கணுக்காலைத் தொட்டார்.

"புதா," என்றார். "கால் உள்ளுக்குப் போகுது."

என் சிங்களம் கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கியது. மல்லி என்றால் தம்பி. நங்கி என்றால் தங்கை. புதா என்றால் மகன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. காலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"நான் சாகல மிஸ்," என்றேன். "அன்னைக்கி நாங்க அங்க இல்ல. அம்மா லொறியில ஏத்திட்டாங்க."

கூரையில் மழை கொட்டியது. பிறகு பெட்டை மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, மிஸ் எங்கள் எல்லாரையுமே புதா எண்டுதானே கூப்பிடுறவ. அது செல்லமா."

அப்போதுதான் நினைவு வந்தது. முதல் நாளிலிருந்தே அவர் சின்னப் பெண்களைப் புதா, புதா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிங்கள வீடுகளில் மகளையும் அப்படிக் கூப்பிடுவார்கள். எனக்குச் சொல்லாத வரைக்கும் அது என் காதில் விழவேயில்லை. மிஸ் ஒன்றையும் கண்டுபிடித்திருக்கவில்லை. ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறமாதிரித்தான் என்னைக் கூப்பிட்டார். கேட்காத கேள்விக்கு நானாகவே பதில் சொல்லிவிட்டேன்.

மிஸ் நிலத்தில் குந்தியபடியே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார், நீண்ட நேரம்.

"அம்மா?" என்றார்.

"மலையில இருக்காங்க."

"அந்தக் கால் அப்பவும் இப்பிடித்தான்," என்றார். எழுந்து, தூணுக்குப் பக்கத்து இடத்தைக் கையால் காட்டினார். "அங்க போங்க. உங்கட இடம்தானே."

போய் நின்றேன். கட்டை அந்த இடத்தில் மட்டும் வழவழப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருந்தது. அத்தனை வருடம் ஒரு கையும் படவில்லை. மிஸ் மறுபடி தட்டத் தொடங்கினார். பின்னால் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி சிரித்தாள். மிஸ் தட்டுவதை நிறுத்தாமலே, "வாய் இல்ல, கால்," என்றார்.

வகுப்பு முடிந்தது. வணக்கத்துக்கு வரிசை கட்டினார்கள். நான் எதில் நிற்பது என்று தெரியாமல் தூணோடு நின்றேன். பெண்களோடு சேர விடுவாரா, அல்லது கால்களைச் சேர்த்து அந்தப் பழைய வணக்கத்தை என்னிடம் கேட்பாரா? கேட்டால் செய்யமாட்டேன், சப்பாத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று முடிவெடுத்தேன்.

"கேர்ல்ஸ்," என்றார் மிஸ். பிறகு என்னைப் பார்த்து, "என்ன, நிக்கிறீங்க? நீங்களும்தான் புதா."

நான் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடித்துத் தாழ்ந்தேன். பாவாடையை விரிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. எழும்பும்போது தடுமாறினேன். எல்லோரோடும்தான் எழுந்தேன்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். ஆனால் யாரும் அசையவில்லை. பாட்டு இல்லாமலே மிஸ் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவனுடைய நேரம். எல்லோரும் தூணுக்குப் பக்கம் திரும்பி நின்றார்கள், அதாவது என்னைப் பார்த்து. நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.

"இது உங்களுக்கு இல்ல," என்றார். "அவனுக்கு."

அடுத்த கிழமை இரண்டு பேர் வரவில்லை. மழை என்றார் மிஸ். அதற்கடுத்த கிழமை வெயில், அப்போதும் வரவில்லை. பொலிஸ் வரவில்லை. பெட்டை எனக்குப் பின்னால் வந்து நிற்கத் தொடங்கினாள். "இப்ப பயமில்லை," என்றாள். "மிதிச்சாலும் உங்கட கால்தானே."

கொழும்பை விட்டு மறுபடி கிளம்பும்வரை போய்க்கொண்டிருந்தேன். பெண்களோடு தாழ்ந்து எழுவேன். பிறகு மற்றவர்கள் என் பக்கம் திரும்பும்போது, நானும் அவர்களோடு சேர்ந்து எனக்குப் பின்னாலிருந்த வெறும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். ஒருநாள்கூட அவன் அந்த நேரத்தைத் தாண்டி எங்களைக் காக்க வைத்ததில்லை. அவன் தலை குனிந்ததுபோலக் கட்டை லேசாக அதிரும். கொஞ்சம் கழித்து ரயில் வரும்.